சௌல்தாரி கியர் ஆயில்

வேன் உறுமியதே தவிர நகரவில்லை. கோவிந்தராஜைச் சுடுகாட்டுக்கு ஏற்றிப்போகப் பின் சீட்டைக் கழற்றிவிட்டு, வண்டியை வாசலுக்குத் திருப்பும்போதுதான் இந்த வம்பு. பக்கத்து வீட்டு அஸ்வின் கியரைப் போட்டுப் பார்த்தான். கரகரவென்று பல்லைக் கடித்துக்கொண்டு விழமாட்டேன் என்றது. தன் வேனிலேயே கடைசிப் பயணம் போகவேண்டும் என்று மனிதர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். வேறு வண்டி பார்க்க யாருக்கும் மனசில்லை. மெக்கானிக் ஹம்தானைக் கூட்டிவர ஆள் போயிற்று.

ஜெயமணி கணவரின் தலைமாட்டில் இருந்தாள். நேற்றுச் சாயங்காலம் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சாய்ந்தவர்தான். அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் கியர் கோளாறு என்று காதில் விழுந்ததும் எழுந்து வாசலுக்கு வந்தாள். அவருடைய வண்டியை ஒருத்தர் குறை சொல்வதா?

"கியர்ல ஒண்ணும் இருக்காது தம்பி. மாசாமாசம் ஆயில் மாத்திடுவாரு."

வேனுக்கு அடியில் கிடந்த ஹம்தான் தலையை வெளியே நீட்டினான். "மாசாமாசமா? அரே ஆண்டி, கியர் ஆயில் ரெண்டு மூணு வருசத்துக்கு ஒரு தடவ மாத்தினாப் போதும்."

"அத்தனை தூரம் சௌல்தாரிக்குப் போய் மாத்திட்டு வருவாரு. போன ஞாயித்துக்கிழமைகூடப் போனாரு."

"இல்ல ஆண்டி. ஆயில் எறக்கற போல்ட்ல கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கு. இதுல இதுவரைக்கும் ஸ்பேனரே படல."

ஒரு பழைய சட்டி கேட்டு வாங்கி அடியில் வைத்துப் போல்ட்டைத் திருகினான். தார் மாதிரி ஏதோ கொஞ்சம் வழிந்தது. அதில் இரும்புத் தூள் மினுங்கியது. "புது ஆயில் ஊத்தினா இன்னிக்கு ஓடிடும்" என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு மறுபடி அடியில் போனான்.

ஜெயமணி சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாதம் தவறாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் போனால் விளக்கு வைத்துத்தான் திரும்புவார். இந்தத் தீவிலேயே அந்தச் சௌல்தாரி மெக்கானிக் போல உண்டா, காசுகூட வாங்கமாட்டான் என்பார். காசு வாங்காதவனுக்கு என்ன செய்வது என்று அவளும் அடுப்படியில் வெந்து, முறுக்கும் அதிரசமும் சுட்டு, தன் பேர் வெட்டிய எவர்சில்வர் டப்பாவில் கொடுத்தனுப்புவாள். டப்பா திரும்பி வரும்போது அதில் மெக்கானிக் பெண்டாட்டி போட்ட எலுமிச்சை ஊறுகாய் இருக்கும். முதல் தடவை ஒரே உப்பு. "அந்தப் பொண்ணுக்கு உப்புக் கை. இன்னும் நாலு வெயில் காட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதமே தேறிவிட்டது.

சொக்கலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். கோவிந்தராஜோடு துறைமுக ஆபீசில் வேலை பார்த்தவர்; சில ஞாயிறுகளில் வேனில் கூடவே போனவர். ஜெயமணி அவரை வீட்டின் பின்பக்கம் அழைத்துப்போனாள்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. சௌல்தாரியில அவருக்கு யாரும் பொம்பளை இருந்தாளா?"

"இருக்கும்மா" என்றார். "உங்க பொண்ணுதான். மீனா."



மீனா எந்த ஊரோ ஒரு பெங்காலிப் பையனைக் கட்டிக்கொண்டு போன அன்று, தெருவே வேடிக்கை பார்க்கக் குதித்தவர் கோவிந்தராஜ்தான். அவளோடு பேசுவதில்லை, அவள் முகத்தில் விழிப்பதில்லை என்று ஜெயமணியிடம் தாலிமேல் சத்தியம் வாங்கினார். மீறினால் தன்னை உயிரோடு பார்க்கமுடியாது என்றார். எட்டு வருடம் அவள் அந்தப் பேரை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். ஒருமுறை அபர்தீன் பஜாரில் மீனா எதிரே வந்தபோதுகூட, சத்தியத்துக்குப் பயந்து துணிக்கடைக்குள் ஓடி ஒளிந்தாள். பெற்ற வயிறு என்ன பாடுபட்டது என்று அவளுக்கல்லவா தெரியும்.

"நீங்கதான் மூஞ்சில முழிக்கமாட்டேங்கறீங்கன்னு அதுகிட்ட சொல்லிவச்சிருக்காரு" என்றார் சொக்கலிங்கம். "பலகாரமெல்லாம் உங்களுக்குத் தெரியாம எடுத்துட்டு வர்றதாச் சொல்லுவாரு. காலையிலேர்ந்து மெயின் ரோட்டுல நிக்குது. உள்ள வரப் பயம்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"அவன் என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டான்மா."

"கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

நெற்றியில் காசு ஒட்டி, தாடையைக் கட்டிக் கிடத்தியிருந்தார்கள். அவரைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவளோ ஒருத்தி என்றால் வைது தீர்த்திருக்கலாம். பெற்ற பெண்ணை ஒளித்துவைத்துவிட்டுத் தான் மட்டும் போய்ப் பார்த்து வந்தவரை என்னவென்று வைவது? வீறாப்பு அவருடையது, அதைக் காவல் காத்தது இவள். பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் வாயைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

மீனா நிலைப்படிக்கு வெளியே நின்றாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. ஜெயமணியைக் கண்டதும் அது மிரண்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தது. பிறகு உள்ளே கிடந்தவரைப் பார்த்துவிட்டு, இறங்கி நேராக ஓடியது.

"நானா, உட்டோ" என்று இந்தியில் தாத்தாவின் கன்னத்தைத் தட்டி எழுப்பியது. "உட்டோ நா."



"நீதான் என்னை வேண்டாம்னுட்டேன்னு அப்பா சொன்னாரும்மா" என்றாள் மீனா.

"உன் மூஞ்சில முழிக்கக்கூடாதுன்னு என்கிட்ட சொன்னதும் அவருதான்" என்றாள் ஜெயமணி.

வெளியே ஹம்தான் வேனைக் கிளப்பினான். சிணுங்காமல் வாசலுக்குத் திரும்பி வந்து நின்றது. வாய்க்கரிசிக்கு அழைத்தார்கள். ஜெயமணி ஒரு பிடி அள்ளினாள். அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோன கை அப்படியே நின்றது. திரும்பி, அந்த அரிசியை மீனாவின் கையில் கொட்டினாள்.

"நீ போடு. அவரு சாப்பாடெல்லாம் அங்கதானே."

மீனா அழுதுகொண்டே போட்டாள். ஜெயமணிக்குக் கண்ணீர் வரவில்லை. பெண்கள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தும் அவள் மறுபடி அரிசியைத் தொடவில்லை.

வேன் மேட்டில் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. சத்தம் தேய்ந்து நின்றதும் பெண்கள் வீடு கழுவ எழுந்தார்கள். மீனா கேட்காமலே கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தாள். வேன் நின்ற இடத்தில் கறுப்பு ஆயில் சட்டி அப்படியே இருந்தது.

"அதைத் தள்ளி வை, கொட்டிடப்போகுது" என்றாள் ஜெயமணி. கொஞ்சம் பொறுத்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "போன தடவை ஊறுகாய்ல உப்பு சரியா இருந்துச்சு."

மீனா நிமிர்ந்தாள். "அது அப்பாவுக்குன்னுதானே குடுத்தேன்." பிறகு குரல் இறங்கியது. "அப்ப, நாலு வெயில் காட்டச் சொன்னது?"

ஜெயமணி வாளியை வாங்கித் தரையில் வீசி ஊற்றினாள்.