மரைக்காயர் கடையில் நனைந்திருந்த ஆள்

1925ஆம் ஆண்டு மழைக்காலத்தில், மலாயாவின் பொந்தியான் கடைத்தெருவில் இருந்த கபீர் மரைக்காயரின் புத்தகக் கடையில், ஒரு புத்தகத்திலிருந்து ஆள் ஒருவர் இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த மாதம் ரப்பர் விலை எக்கச்சக்கமாக ஏறியிருந்ததால் தெருவில் யாருக்கும் வேறு எதையும் பேச நேரமில்லை. வந்தவர் ஒரு பவள வியாபாரி. கதையில் அவருடைய மரக்கலம் புயலில் உடைகிற இடத்தில் இறங்கிவிட்டார் போலும், தலைப்பாகையிலிருந்து கால்வரை கடல்நீர் சொட்டியது. எத்தனை வெயில் அடித்தும் மனிதர் காயவில்லை. அவர் காலடியில் பலகைத் தரை உப்புப் பூத்தது, அருகிலிருந்த பஞ்சாங்கக் கட்டுகள் ஊறிப்போயின. மற்றபடி அவரால் தொந்தரவு கிடையாது. சுங்கக் கணக்கு எழுதும் கிராணி வாலண்டைன் மட்டும் கடைவாசலில் நின்று, "பாய், கடல் வழியா வந்த சரக்கு. சுங்கம் கட்டலயே லா!" என்று கேலி செய்தார். மரைக்காயருக்குச் சிரிப்பு வரவில்லை.

எப்படி வரும்? அந்த ஆளைப் புத்தகத்திலிருந்து ஓதி வரவழைத்தது அவருடைய பெண்சாதி ஜெய்னம்பு. அவள் முந்தின வருஷம்தான் காயல்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவள். வரும்போது இரண்டு பெட்டித் துணியும் ஒரு கிஸ்ஸாப் புத்தகமும் கொண்டுவந்தாள். கிஸ்ஸா என்றால் பாட்டாகவே கதை சொல்கிற புத்தகம். அது அரபுத்தமிழில் இருந்தது, அதாவது மொழி தமிழ், எழுத்து அரபு. அவள் ஊர்ப் பெண்கள் அதில்தான் படித்தார்கள், அதில்தான் எழுதினார்கள். மரைக்காயரோ சிறுவயதில் குர்ஆன் ஓதப் போகாமல் சிங்கப்பூருக்கு வந்து, மாமன் கடையில் தமிழ் எழுத்தை மட்டும் கற்றவர். ஆக, ஒரே மொழியைப் பேசிய புருஷனும் பெண்சாதியும் ஒருவர் புத்தகத்தை ஒருவர் வாசிக்க முடியாமல் ஒரே கூரையின்கீழ் குடும்பம் நடத்தினார்கள். இதை அவர் வெளியில் சொல்லவில்லை. தன் வீட்டிலிருக்கும் புத்தகம் தனக்கே தெரியாது என்று எந்தப் புத்தகக் கடைக்காரன் சொல்வான்? மானம் போகாதா?

மாலையில் அவள் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து மெல்ல ஓதுவாள். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் அவருக்கு ராகம் மட்டும் கேட்கும், சொல் கேட்காது. பெஞ்சில் இருக்கும் ஆள் அப்போது தலையை நிமிர்த்துவார். அதைப் பார்த்தாலே மரைக்காயருக்கு வயிறு எரியும். சண்டை போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. "யாருய்யா நீ? உனக்கு ஊரு பேரு கெடையாதா?" என்று ஒருநாள் கத்தியே கேட்டார். கதையில் எழுதியிருந்ததைத் தவிர அந்த ஆளுக்கு வேறு பேச்சுத் தெரியாததால், கப்பல் போனதையும் கூட்டாளிகள் போனதையும் நீளமான பாட்டாகப் பாடினார். தெருவில் போன இரண்டு பேர் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அழுகிறவனோடு எப்படி மல்லுக்கு நிற்பது?

எரிச்சல் தாங்காமல் மரைக்காயர் ஒரு காரியம் செய்தார். கிணற்றடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து, அந்த ஆளுக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார். ஜெய்னம்பு எட்டிப் பார்த்தாள். "சளி புடிக்கும் மச்சான், போய்த் தொவட்டுங்க" என்றாள். அந்த ஆளுக்கு மட்டும் அவளே துவாலையை எடுத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். அதுவும் யாருடைய துவாலை? மரைக்காயருடையது! அன்றிலிருந்து அவர் ஒரு வாரம் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்படியே ஆறு வருஷம் ஓடியது. ரப்பர் விலை விழுந்தது, தோட்டங்களில் பாதிப்பேரை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள், பாட்டுப் புத்தகம் வாங்க ஆளில்லை. 1931இல் மரைக்காயர் கடையை மூடப்போவதாகச் சொன்னபோது ஊரே விலைவாசியைச் சபித்தது. அவரும் தலையாட்டினார். ஆனால் பலகைப் பெட்டிகளில் புத்தகங்களை அடுக்கும்போது அவர் மனம் வேறு கணக்குப் போட்டது. கதைப் புத்தகமும், ஜெபப் புத்தகமும், நாடகப் பாட்டும் எத்தனையோ இந்தக் கையால் போயிருக்கின்றன. வாங்கிப்போனவன் எல்லாம் வீட்டில் பெண்சாதிக்கு வாசித்துக் காட்டியிருப்பான், அவள் சிரித்திருப்பாள். தோட்டத்து லயக் குடியிருப்பில் ஒருவன் வாசித்தால் முப்பது பேர் கேட்பார்களாம். ஊருக்கெல்லாம் விருந்து வைத்துவிட்டு அடுப்படியில் பட்டினி கிடந்தவன் நான் ஒருத்தன்தான் என்று அவருக்குத் தோன்றியது. போகட்டும். எல்லாப் புத்தகமும் சிங்கப்பூர் வியாபாரியிடம் போகும், கிஸ்ஸாவும் போகும், அதன் பின்னாலேயே அந்த ஆளும் போயாக வேண்டும். பிறகு ஜெய்னம்பு தனக்கு மட்டும்தான்.

கிஸ்ஸாவைப் பெட்டிக்குள் வைக்கப் போனபோது அவள் வந்து கையைப் பிடித்தாள்.

"மச்சான், அது மட்டும் வேணாம்."

"ஏன்? அவரு போயிட்டா உனக்குச் சோறு எறங்காதோ?"

"இன்னும் கடைசிப் பக்கம் ஓதல. கூட உக்காந்து கேக்க ஆளில்லாம கிஸ்ஸாவ முடிக்கக் கூடாது, எங்க ஊரு வழக்கம். மொதல்லேருந்து கேட்டவங்க இருக்கணும், முடிச்சதும் பாத்திஹா ஓதி சீனி கொடுக்கணும். இங்க நம்ம ஊருப் பொம்பளைங்க யாரு இருக்காங்க? முடிச்சாத்தானே அவரு திரும்பிப் போவாரு. பாவம், ஆறு வருஷமா ஈரத்தோட கெடக்குறாரு."

"அலமாக்! இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எப்ப உக்காந்தீங்க, நான் சொல்றதுக்கு?"

மரைக்காயர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அன்றைக்கே உட்கார்ந்தார். ஆளை அனுப்பிவிடும் அவசரம் அவருக்கு. முதல் இரண்டு நாள் அவர் கதையைக் கேட்கவில்லை, இன்னும் எத்தனை தாள் பாக்கி என்றே பார்த்தார். மூன்றாம் நாள் பவள வியாபாரியின் தாய் கரையில் நின்று அழும் இடம் வந்தது. ஜெய்னம்புவின் குரல் அங்கே தழுதழுத்தது. ஏழு வருஷம் ஒன்றாக வாழ்ந்தும் அவள் குரல் அப்படி இறங்கும் என்று அவருக்குத் தெரியாது. தனக்காகத்தான் ஓதுகிறாள், நடுநடுவே நிமிர்ந்து தன் முகத்தைத்தான் பார்க்கிறாள் என்பது புரிந்ததும் அவருக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அடுத்த நாள் வாலண்டைன் வாசலில் நின்று காதைக் கொடுத்தபோது மரைக்காயர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

கடைசிப் பக்கம் ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தது. தட்டில் சீனி தயாராக இருந்தது. பவள வியாபாரி பெஞ்சிலிருந்து எழுந்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, புறப்படுகிறவரைப்போல் நின்றார். ஜெய்னம்பு தாளைத் திருப்பக் கையை வைத்தாள்.

"போதும்" என்றார் மரைக்காயர்.

"ஒரே ஒரு பக்கந்தான் மச்சான்."

"போதுங்கிறேன்ல? இது முடிஞ்சா அப்புறம் எங்கிட்ட எத ஓதுவ? மொதல்லேருந்து ஆரம்பி."

"அப்ப அவரு?"

மரைக்காயர் அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தார். வயிறு முன்னைப்போலவே எரிந்தது. "இருக்கட்டும். அவருக்கு என்ன அவசரம்?"

பவள வியாபாரி மறுபடி உட்கார்ந்தார். ஜெய்னம்பு முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

பெட்டிகள் சொன்னபடி சிங்கப்பூர் போயின, கடை மூடப்பட்டது. மரைக்காயர் கெலாங் பாத்தா ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடை பார்த்திருந்தார். வாடகைக்குப் பிடித்த சபாபதியின் லாரியில் சாமான்களை ஏற்றிய பிறகு, பின்னால் பாய்மூட்டைமேல் மூன்று பேருக்கு இடம் இருந்தது. ஜெய்னம்பு மடியில் கிஸ்ஸாவை வைத்துக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். பவள வியாபாரி மறு ஓரத்தில், சாமான் நனையாதபடி காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தார். மரைக்காயர் கடைசியாக ஏறி, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.