கூரைக்கு மேலே ஜமக்காளம்

எங்கள் தெருவில் நெய்யும் ஜமக்காளங்கள் முடியும் தறுவாயில் பறக்கும். அதனால் கடைசி முழம் நெய்யும்போது மேலே ஒரு கருங்கல்லைத் தூக்கி வைத்துவிடுவோம். வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் நாலு விசேஷத்துக்கு ஆட்கள் உட்கார்ந்து எழுந்தால் அடங்கிவிடும்.

அன்று என் தங்கை நவமணி கல்லை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தன் குழந்தை சஷ்டிகாவைத் தூங்க வைத்தாள். குழந்தையின் எடையே போதும் என்று நானும் நினைத்தேன். இருவரும் ஒரே தறியில் அருகருகே உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தோம். முதுகுப் பக்கம் காற்று அடித்தது. திரும்பிப் பார்த்தபோது ஜமக்காளம் முற்றத்தைத் தாண்டி ஓட்டுக்கூரைக்கு மேலே போயிருந்தது. தறியில் இருந்த பாவு நூல்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நவமணியின் கணவன் சென்னியப்பன் ஓடி வந்தான்.

"இழுக்கட்டுங்களா?"

"இழுத்தா கவுந்துரும். ஒதுங்கி நில்லு" என்றேன்.

பாவு நூலை அறுத்தால் ஜமக்காளம் பறந்துபோய்விடும். நெய்து நீளமாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பாரம் கூடினால் அது தானாக இறங்கும். நான் குறுக்கு நூல் சுற்றிய நாடாவை வீசினேன். நவமணி பிடித்துத் திருப்பி வீசினாள். அவள் மேலே பார்த்துக்கொண்டே வீசியதில் ஒரு வரிசை கோணலாக விழுந்தது. ஜமக்காளமும் மேலே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அக்கா, பாப்பா முழிச்சுக்கிட்டா!"

"மேல பாக்காத. நாடாவைப் பாரு."

குழந்தை ஒரு காக்கையைப் பார்த்துச் சிரித்தபடி ஓரத்தை நோக்கித் தவழ்ந்தது. சென்னியப்பன் கீழே நின்று, அண்ணாந்து, கிலுகிலுப்பையை ஆட்டினான். குழந்தை தவழ்வதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது. அந்த நேரம் பார்த்துச் சிவப்பு நூல் தீர்ந்துபோனது. எதிர்வீட்டு ராசாத்தி கேட்காமலேயே தன் முந்தானையைக் கிழித்துத் தந்தாள். பிறகு சென்னியப்பனின் வேட்டி, வாசல் திரை, பால்காரரின் துண்டு. எல்லாவற்றையும் கீற்றுக் கீற்றாகக் கிழித்து நெய்தோம். என் விரல் பிளந்து ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை.

ஜமக்காளம் மெல்லத் தொய்ந்தது. ஓடுகளை உரசிக்கொண்டு வந்து முற்றத்தில் படிந்தது.

மேலே போனது ஒன்றுதான்; இறங்கியபோது அதன் மேல் இரண்டு குழந்தைகள் இருந்தன. இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே கவுன். நவமணி பக்கத்தில் இருந்ததை அள்ளிக்கொண்டு விம்மினாள். மற்றது என்னைப் பார்த்துக் கைகளை நீட்டியது.

"இதுக்கும் பசிக்கும்" என்றான் சென்னியப்பன்.

நான் அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பால் காய்ச்சப் போனேன்.