நிற்பாட்டக்கூடாத சோதனை

கீர்த்தனன் எழுந்து போர்வையை மடித்தான். பல் துலக்கினான். பாணில் பட்டர் பூசி நின்றபடி தின்றான். ஹீட்டரைக் குறைத்தான். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்தான். ஜேர்மனியின் ஹனோவர் நகர ட்ராமில் அந்த நேரத்தில் இருக்கை கிடைக்கும். அவன் நின்றுகொண்டே போனான்.

ஆய்வுக்கூடத்தில் பட்டறைத் தவராசா முழங்காலில் நின்று, கீர்த்தனன் உருவாக்கிய எரிபொருள் கலத்தின் ஐதரசன் வாயுக் குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். வங்கி நெருக்கடிக்குப் பிறகு, ஆய்வுக்குப் பணம் கொடுத்த கார்க் கம்பனி அந்தத் திட்டத்தை மூடிவிட்டது. இனி மின்கலக் கார்தான். கீர்த்தனனின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு சரி.

"வாங்கோ விஞ்ஞானியார். உங்கட பிள்ளையை என்னட்டைத் தந்து உரிக்கச் சொல்லியிருக்கிறாங்கள்."

"உரியுங்கோ அண்ணை."

"பழைய இரும்புக்குத்தான் போகுதாம். ஒரு துண்டு எடுத்து வையுங்கோவன்."

"வேண்டாம்."

சுவரோரம் பொலித்தீன் சுற்றிய பெட்டியொன்று நின்றது. மின்கலங்களைச் சோதிக்கும் இயந்திரம். பொலித்தீனில் தூசி தடிப்பாகப் படிந்திருந்தது.

"இது எப்ப வந்தது?"

தவராசா ஸ்பானரைத் துடைத்தார். "மாசியிலை. கீழை ஸ்டோரிலை கிடந்தது. ஹார்ட்விக்தான் கையெழுத்து வைச்சு எடுத்தவர். உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன்."

ஹார்ட்விக் பிரிவுத் தலைவர். அதற்கு அடுத்த மாதம், பங்குனியில்தான் கீர்த்தனனின் தோளில் தட்டி, கலத்தை நிற்காமல் ஓட்டிக் காட்டினால் நிரந்தர வேலை என்றார். சோதனையை இடையில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஐதரசன் ஓடும்வரை பொறுப்பாளரான அவன் அறையை விட்டு அகலக்கூடாது.

"பங்குனியிலைதானே ஆதிரை..." தவராசா குனிந்து அடுத்த நட்டில் ஸ்பானரை வைத்தார்.

மனைவி ஆதிரைக்குச் சுகமில்லாமல் போன அன்று கீர்த்தனன் தனக்குப் பதிலாக ஓர் ஆள் கேட்டான். ஆள் இல்லை, இதை நிறுத்தினால் திட்டமே போய்விடும் என்றார் ஹார்ட்விக்.

கலம் தள்ளுவண்டியில் ஏறியது. அது இருந்த இடத்துக்கு மேலே சுவரில் தொலைபேசி அப்படியே இருந்தது. கைத்தொலைபேசிக்கு உள்ளே அனுமதியில்லை. அன்று ஆதிரை அதற்குத்தான் அழைத்தாள். தலை வெடிக்கிறமாதிரி இருக்கு, கண்ணும் மங்குது என்றாள். அவன் அளவுமானிகளைப் பார்த்தபடி, விட்டிட்டு வர ஏலாதாம் என்றான். பக்கத்து வீட்டுப் பெண் அவளைப் படிக்கட்டில் கண்டபோது கையில் மருத்துவக் காப்புறுதி அட்டை இருந்தது. மூச்சு இருக்கவில்லை. தொலைபேசியில் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"ஓம், விளங்குது. அது ஓடட்டும். நான் டாக்சியிலை போறன்."