நாலாவதாக மட்டை பிடிக்கிற ஆள்

2006 கோடையில் ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத்துத் தமிழ்ச்சனம் முழுக்க உலகக்கிண்ண உதைபந்தாட்டத்துக்குக் கொடி கட்டித் திரிந்தது. நான் மட்டும் ஞாயிறு தோறும் ஒரு புல்வெளி ஓரத்தில் வாங்கில் குந்தியிருந்து, தலையும் வாலும் விளங்காத ஒரு விசர் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேஸ்போலாம். என் தலையெழுத்து!

என் மனுசன் ஆனந்தராசா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குக் கிரிக்கெட் விளையாடியவர். என்னைக் கட்டி இங்கே வந்து மூன்று வருடம். முந்திய வருடம் தமிழர் விளையாட்டு விழாவில் இவர் அடித்த பந்து ஒன்று மைதானம் தாண்டிக் கார் தரிப்பிடத்தில் போய் விழுந்தது. ரோல்ஸ் தின்ன வந்திருந்த உடோ அதைக் கண்டுவிட்டார். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் சமையல்காரர்தான் உடோ. வார நாளில் சூப் கிண்டுவார், வார இறுதியில் ஒரு சின்ன பேஸ்போல் கழகத்துக்குப் பயிற்சியாளர். "உன் புருசனைக் கொண்டுவா, புஸ்பா" என்று ஆறு மாதம் என்னை அரித்தெடுத்தார்.

இவருக்கு டொச் மொழி வராது. நான் பன்னிரண்டு வயதில் வந்தவள், எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆகவே மொழிபெயர்க்க நானும் போகவேண்டியதாயிற்று. கிழமையில் ஆறு நாள் காலை ஐந்து மணிக்கு எழும்பி, கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி, இடுப்பு நாரி முறிந்து வருகிறவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு ஞாயிறு. அதுவும் போயிற்று. இவருக்கும் சனிக்கிழமை உணவக அடுப்படியில் வேலை முடிய விடியப்புறம் இரண்டு மணி ஆகும். ஆட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நித்திரை.

சும்மா சொல்லக்கூடாது, மனுசன் நன்றாகவே அடித்தார். முதல் வருடக்காரர், அறுபது தரம் மட்டை பிடித்து இருபத்தேழு தரம் அடித்துவிட்டு ஓடித் தளம் சேர்ந்தார். ஏழு பந்து வேலிக்கு வெளியே. உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. பெயரைத்தான் கொலை செய்திருந்தார்கள். அடித்த நாட்களில் இவர் வீட்டில் தேத்தண்ணி போட்டுத் தருவார், தனக்குள் சிரித்துக்கொள்வார். மற்ற நாட்களில் அந்த முகத்தில் சிரிப்பை நான் கண்டதில்லை.

செப்டம்பரில் கடைசி ஆட்டம். வென்றால் கழகம் மேல் பிரிவுக்கு ஏறும். கடைசிச் சுற்றில் ஒரு ஓட்டம் பின்னுக்கு நிற்கிறோம். மூன்று பேர் ஆட்டமிழந்தால் கதை முடிந்தது, ஒரு ஆள் ஏற்கெனவே ஆட்டமிழந்துவிட்டார். மூன்றாம் தளத்தில் யோனாஸ் என்கிற பெடியன் மட்டை பிடிக்கிற இடமான வீட்டுத்தளத்துக்கு ஓடிவந்து ஓட்டத்தைச் சமன்செய்ய ஆயத்தமாக நிற்கிறான். மட்டை இவரின் கையில். பந்து மெல்லமாகப் பட்டு, கிட்ட நின்றவனின் கைக்கே உருண்டு போயிற்று. பேஸ்போலில் அப்படிப் பட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஓடவேண்டும், வேறு வழி கிடையாது. கிரிக்கெட்டில் அப்படி இல்லை. ஓடுகிறதா விடுகிறதா என்று அடித்தவன்தான் சொல்லவேண்டும். நித்திரை இல்லாத மனுசனுக்கு எது உடம்பில் ஊறியதோ அதுதானே வரும். பாதி வழி ஓடிவந்த யோனாஸைப் பார்த்து, உள்ளங்கையைத் தூக்கிக் காட்டி, "நில்லு!" என்று கத்தினார். தானும் அசையாமல் நின்றார்.

யோனாஸுக்குத் தமிழ் விளங்கியதோ இல்லையோ, கை விளங்கியது. கோடை முழுக்க இவரை நம்பிய பெடியன், அப்படியே நின்றுவிட்டான். அவனையும் பிடித்தார்கள், முதலாம் தளத்துக்குப் பந்தை எறிந்து இவரையும் பிடித்தார்கள். எல்லாம் முடிந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து இவர் சப்பாத்தைக் கழற்றாமல் ஒரு மணித்தியாலம் கதிரையில் இருந்தார்.

அடுத்த ஞாயிறு கழகத்துக் கொட்டிலில் இறைச்சி வாட்டினார்கள். உடோ எங்கள் இருவரையும் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"இவனிடம் சொல்லு, புஸ்பா. அந்தக் கை என் பிழை, நான் சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். வருகிற வருடம் இவன்தான் நாலாவதாக மட்டை பிடிப்பான். முன்னுக்குப் போகிற மூன்று பேரையும் வீட்டுத்தளத்துக்குக் கொண்டுவருகிற ஆள் அவன்தான். அணியையே இவனைச் சுற்றிக் கட்டப்போகிறேன். செவ்வாய், வியாழன் பயிற்சி. குளிர்காலத்தில் மண்டபத்தில். ஞாயிறு எல்லாம் எனக்கு வேண்டும்."

ஞாயிறு எல்லாம். அந்தச் சொல் என் நாரியில் வந்து குத்தியது. கடவுளே, இன்னும் ஒரு வருடமா? நான் இவரின் பக்கம் திரும்பினேன். முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்டைக்குக் கை காட்டினதால உங்களை இனி வாங்கிலதான் இருத்துவினமாம். ஆரும் வராட்டி மட்டும் கூப்பிடுவினமாம்" என்றேன்.

இவர் சிரித்துக்கொண்டு நிற்கிற உடோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஓம்" என்றார். உடோவின் கையைப் பிடித்துக் குலுக்கி, இலக்கணம் இல்லாத டொச்சில் தானாகவே சொன்னார்: "நன்றி. அடுத்த வருடம் நான் இல்லை. ஞாயிறு, மனைவி, நித்திரை."

உடோவின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. "நீ என்ன சொன்னாய் இவனுக்கு?" என்று என்னைக் கேட்டார். "நீங்கள் சொன்னதைத்தான்" என்றேன். பொய் ஒன்றுக்கு இரண்டாயிற்று.

பஸ் தரிப்பில் போய் இருந்தோம். என்னால் பொறுக்கமுடியவில்லை.

"அந்தாள் சொன்னது உங்களுக்கு விளங்கினதோ?"

"விளங்கினது. அஞ்சு மாசமா அந்தாள் எனக்குக் கத்தினது முழுக்க அந்தச் சொல்லுகள்தானே. நாலாவது ஆள் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியாதே?"

"பிறகேன் ஓம் எண்டனீங்கள்? என்னை ஏசியிருக்கலாமே!"

"நீர் பொய் சொல்லுற ஆள் இல்லை, புஸ்பா. மூண்டு வருசத்தில ஒண்டும் சொன்னதில்லை. நீரே சொல்லுறீர் எண்டால், உமக்கு இனி ஏலாது எண்டுதானே அர்த்தம்."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. எழும்பிவிட்டேன். "வாங்கோ, திரும்பிப் போவம். நான் உண்மையைச் சொல்லுறன். அவர் இன்னும் போயிருக்கமாட்டார்."

"வேண்டாம், இரும்."

"உங்களுக்கு விளையாட விருப்பம் இல்லையோ?"

இவர் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். மட்டை பிடித்துக் காய்த்துப்போயிருந்தன.

"விருப்பம்தான்" என்றார்.

பஸ் வந்தது. ஏறி இருந்து ஒரு தரிப்புத் தாண்டவில்லை, இவர் நித்திரையாகிவிட்டார். நான் கேட்ட ஞாயிறுகள் எல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டன. வீடு வரும்வரைக்கும் என்னால் கண்ணை மூட முடியவில்லை.