பச்சைப் பெட்டியும் பழுப்பு ஸ்வெட்டரும்

நூலகத்தம்மாவிடம் துக்கம் விசாரிக்க வந்த நாத்தனார், வந்த கையோடு அலமாரியையும் விசாரித்துவிட்டார். "பார்க்கப் பார்க்க அழுகைதான் வரும்" என்று செத்துப்போன தன் தம்பியின் துணிகளை ஒரு பெரிய பையில் திணித்து, தெருமுனையில் இருந்த பச்சை நிறத் துணி தானப் பெட்டியில் தள்ளிவிட்டார். நூலகத்தம்மா வேலை முடிந்து வந்தபோது அலமாரி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. கால்சட்டைகள் போனது பரவாயில்லை. பழுப்பு ஸ்வெட்டர் போனதைத்தான் தாங்க முடியவில்லை. அதன் கழுத்தில் கணவரின் வாசனை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் பெட்டியிடம் ஓடினாள். அங்கே நகராட்சி அதிகாரி ஒருவர் அதைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டிக்கொண்டிருந்தார்.

"அனுமதி இல்லாத பெட்டிம்மா. யார் வசூல் பண்றாங்க, பொருள் எங்க போகுதுன்னு மேல எழுதியிருக்கணும். இதுல ஒரு இதயத்தை வரைஞ்சு 'நன்றி'ன்னு போட்டிருக்கு. யாரு யாருக்குச் சொல்ற நன்றி?"

"எனக்கு ஒரே ஒரு ஸ்வெட்டர் வேணும் சார்."

"நீங்க போட்டீங்களா?"

"நாத்தனார் போட்டாங்க."

"அப்ப அவங்கதான் வாங்கணும். போட்டவங்க கையெழுத்து இல்லாம ஒரு கைக்குட்டைகூடக் குடுக்க முடியாது. மத்தியானம் வண்டி வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடும்."

எதிரே இருந்த சலவைக்கடைக்காரர் பேச்சில் புகுந்தார். "நல்ல பெட்டி சார். கடையில யாரும் வந்து வாங்காமக் கிடக்கிற துணியெல்லாம் நான்கூட இதுலதான்..." என்றவர், பின்னால் ரசீதோடு நின்ற வாடிக்கையாளரைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நூலகத்தம்மா நாத்தனாரைக் கையோடு இழுத்து வந்தாள். சுள்ளென்று வெயில் அடித்தது. நாத்தனாரோ தடித்த கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தார்.

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது."

"ஒரு கையெழுத்துதானே அண்ணி!"

"எது என் பைன்னு எனக்கு ஞாபகமில்ல."

அதிகாரி பெட்டியைத் திறந்து ஒரு பையைத் தூக்கினார். அதன் மேல் நாத்தனாரின் பெயரும் விலாசமும் கொட்டை எழுத்தில் இருந்தன. கீழே, 'காலிப் பையைத் திருப்பித் தரவும்.'

அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. பையைக் கவிழ்த்தார்கள். கால்சட்டைகள், சட்டைகள், பிறகு உறை பிரிக்காத ஒரு பூப்போட்ட மேஜை விரிப்பு.

"அண்ணி, இது உங்க புது வீட்டுக்கு நாங்க வாங்கிக் கொடுத்தது."

"மேஜை சின்னதும்மா."

ஸ்வெட்டரைத்தான் காணவில்லை. நூலகத்தம்மா பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி உதறினாள். "யாரோ எடுத்துட்டாங்க" என்றாள்.

"பூட்டு உடையலையேம்மா" என்றார் அதிகாரி.

நாத்தனாருக்கு வியர்வை ஆறாக ஓடியது. ஒரு பொத்தானைக்கூட அவிழ்க்கவில்லை. "மயக்கம் போட்டு விழப்போறீங்கம்மா, அந்தக் கோட்டைக் கழட்டுங்க" என்று சலவைக்கடைக்காரர் நெருங்க, நாத்தனார் படக்கென்று கையை உதறினார். கோட்டுக் கைக்குள்ளிருந்து பழுப்புக் கம்பளி எட்டிப் பார்த்தது.

காணாமல் போன ஸ்வெட்டர் கோட்டுக்கு அடியில்தான் இருந்தது.

"பையில போடத்தான் எடுத்தேன்" என்றார் நாத்தனார். "சின்ன வயசுல அவனுக்குச் சட்டை மாட்டி விட்டவ நான். போட மனசு வரல."

சாவு வீட்டில் ஆளாளுக்கு வேலை ஏவிக்கொண்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றவர் இப்போது நடுத்தெருவில் ஓவென்று அழுதார். நூலகத்தம்மா அவரைக் கட்டிக்கொண்டாள். கோட்டின் மேல் பொத்தானை அவிழ்த்து, ஸ்வெட்டரின் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள்.

"அழுங்க அண்ணி, வேணாங்கல. ஆனா முதல்ல கோட்டைக் கழட்டுங்க. பாதி உங்க வேர்வைதான் அடிக்குது. மிச்சம் அவர் வாசனையாவது இருக்கட்டும்."

நாத்தனார் அழுகையினூடே சிரித்துவிட்டார். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். "வாரத்துக்கு ஒருத்தரா வெச்சுக்கலாமா?"

"துவைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, தரேன்."

இருவரும் கைகோத்துக் கிளம்பினார்கள். அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"ஸ்வெட்டர் பெட்டிக்குள்ள போகவே இல்ல. அதனால என் அதிகாரத்துல வராது. ஆனா அந்த மேஜை விரிப்பு வரும். வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்கம்மா."