இருபத்திரண்டு மில்லி

"ஓடிபி சொல்லுங்க மேடம்," என்றார் கூரியர்காரர், ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு. பந்தலைப் பார்த்துவிட்டார், வாடகை நாற்காலிகளைப் பார்த்துவிட்டார், பறை காய்ச்சுகிறவர்களையும் பார்த்துவிட்டார். இருந்தாலும் கேட்டுத்தானே ஆகவேண்டும்? பார்சலின் மேல் தண்டாயுதபாணி, திருச்செங்கோடு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தத் தண்டாயுதபாணி நேற்றுச் சாயங்காலத்திலிருந்து உள்ளே ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

ஒரே மகள் மோகனப்பிரியா அப்பாவின் போனைத் தேடி எடுத்தாள். பெங்களூரிலிருந்து காலையில் வந்து இறங்கி, அழுது ஓய்ந்து, இனி யாராவது ஒரு வேலை சொன்னால் தேவலை என்று உட்கார்ந்திருந்தவள். போன் பூட்டியிருந்தது.

"வெரலு வெச்சாத்தான் தொறக்கும் கண்ணு," என்றாள் எதிர்வீட்டு அங்கம்மாள். அடுத்த வீட்டுப் போன் எப்படித் திறக்கும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். "பொட்டிய ஒருக்காத் தொறந்து..." என்று இழுத்தவள், நாலு பேர் திரும்பிப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நல்லவேளையாக நாலு எண்களும் பூட்டிய திரையின் மேலேயே வந்து விழுந்தன.

"என்னதுங்க அது?" என்று பந்தலில் ஒருவர் கேட்க, "வேறென்ன? அந்த அட்டைச் சமாச்சாரந்தான்," என்று பதில் வந்தது. தெரு முழுக்க அறிந்த கதை அது.

முப்பது வருஷம் போர்வெல் ரிக் லாரியில் போய், கண்ட மாநிலத்து மண்ணிலெல்லாம் ஆயிரம் அடி துளை போட்டவர் தண்டாயுதபாணி. ஓய்ந்து வீட்டில் உட்கார்ந்ததும் விரலகல அட்டை ஒன்றுக்குச் சோடி தேடக் கிளம்பிவிட்டார். மகள் போட்டுவிட்டுப் போன லேப்டாப்பின் திரை உடைந்துபோயிருந்தது. அதைப் பிரித்து, உள்ளே இருந்த வைஃபை அட்டையை மட்டும் கழற்றி எடுத்தார். ரிக் ஆபீசில் கழித்துப்போட்ட பெரிய கம்ப்யூட்டரில் அதைப் பொருத்திவிட்டால், மகளைப் பெரிய திரையில் பார்த்துப் பேசலாம். "போன்ல உம்மொகம் பொட்டாட்டந் தெரியுது சாமி," என்பார். கண் ஆபரேஷனுக்குப் பிறகும் அப்படித்தான் தெரிந்தது.

ஆனால் லேப்டாப் அட்டை பெரிய கம்ப்யூட்டரில் நேராக உட்காராது. நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். அதில் இரண்டு சாதி. ஒன்று முப்பது மில்லி அகல அட்டைக்கு, இன்னொன்று இருபத்திரண்டுக்கு. மூன்று வாரம் மொபைல் கடை, காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடை என்று ஏறி இறங்கினார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட மனுசன் இத்தனை விசாரிக்கவில்லை என்று அங்கம்மாள் சொன்னதில் பொய்யில்லை.

கடைசியில் இரண்டின் படத்தையும் மகளுக்கு அனுப்பி, 'எது சாமி?' என்று கேட்டிருந்தார். மோகனப்பிரியா அப்போது மீட்டிங்கில் இருந்தாள். முதல் படத்தின் கீழ் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டு, வேலையைப் பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். சித்தப்பா மகன் யோகேஷ் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். வீட்டைக் கழுவிவிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, மோகனப்பிரியா அறைக்குள் போய்ப் பார்சலைப் பிரித்தாள்.

பச்சை நிறத்தில் சின்னத் தகடாய் அடாப்டர். முப்பது மில்லி வகை. மேசைமேல் மாத்திரை டப்பா மூடியில், பஞ்சின் மேல் அட்டை இருந்தது. எடுத்து வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் இடம் விட்டு அட்டை ஆடியது.

அம்மா பெரியநாயகி ஈரத் தலையோடு வந்து வாசப்படியில் உட்கார்ந்தாள்.

"வந்துருச்சா? போட்டுப் பாரு சாமி. அளவு இடிக்குது, அளவு இடிக்குதுன்னு ரெண்டு நாளாப் பொலம்புனாரு. வெச்சு வெச்சு அளந்து பாத்தாரு. நாந்தான் ஏசுனேன். பாப்பா பாத்துச் சரின்னுட்டா, அவளுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சுருச்சுன்னு. அப்பறந்தான் ஆர்டரு போட்டாரு."

மோகனப்பிரியா அட்டையை மறுபடி தகட்டில் வைத்துப் பார்த்தாள்.

ரிக்கில் அளக்காமல் எதையும் குழிக்குள் இறக்காத மனுசன். ஜபல்பூர்ப் பக்கம் எவனோ அவசரத்தில் அளக்காமல் இறக்கிய துளைமுனை பிட் அறுநூறு அடியில் சிக்கி, மூன்று நாள் வேலை நின்ற கதையை, அவள் கணக்குப் பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் சொல்லி அனுப்பியவர்.

"செரியா இருக்குதா?" என்றாள் அம்மா.

"ம். இருக்குதும்மா."

"பின்னே? கம்ப்யூட்டர் படிச்ச புள்ளையாச்சே," என்றாள் அங்கம்மாள், வாளியோடு எட்டிப் பார்த்து. "அவரு மகமேல வெச்ச நம்பிக்கை அப்படி. எங்கூட்டுலயும் ரெண்டு இருக்குதே, ஒரு பல்பு மாட்டத் தெரியாது." அம்மாவை எழுப்பிக் காப்பி குடிக்கக் கூட்டிப்போனாள்.

கீபோர்டுக்குப் பக்கத்தில், அப்பா அளவு பார்க்கும் வெர்னியர் இடுக்கி கிடந்தது. திருகு இறுக்கியபடியே இருந்தது. சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். இருபத்திரண்டு. அட்டையை அதன் வாய்க்குள் வைத்தாள். இம்மிகூட ஆடாமல் உட்கார்ந்தது.

வெளியே தரை கழுவிய தண்ணீர் சாக்கடையில் இறங்கிக்கொண்டிருந்தது. மோகனப்பிரியா அட்டையைப் பஞ்சின் மேல் திரும்ப வைத்தாள். வெர்னியரைத் துண்டால் துடைத்து, அதன் நீலப் பெட்டிக்குள் வைத்தாள். வாய் விரிந்திருந்ததால் மூடி இறங்கவில்லை. திருகைத் தளர்த்த விரலை வைத்தவள், தளர்த்தாமலே விரலை எடுத்துக்கொண்டாள். பார்சலில் வந்த ரப்பர் பேண்டை எடுத்து, மூடியும் மூடாமலும் இருந்த பெட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வைத்தாள்.