எங்கள் வீட்டில் எலி இல்லை

எலி வளர்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது அப்பா காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்றைக் கழற்றியவர் மற்றதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வீடு வீடாகவும் கடை கடையாகவும் போய் எலி, கரப்பான், கரையான் ஒழிப்பது அவருடைய தொழில். சீருடையின் முதுகில், மேலே குறுக்குக் கோடு போட்ட ஓர் எலியின் படம் இருக்கும். தன் மேல் கோடு விழுந்தது தெரியாமல் அந்த எலி சிரித்துக்கொண்டிருக்கும்.

"வேணாம்" என்றார்.

"காரணம் சொல்லுங்கப்பா."

"காரணத்த முதுகுலயே அச்சடிச்சுப் போட்டுட்டுத்தானடா சுத்துறேன்."

எனக்கு அவசரம். எங்கள் கல்லூரியின் உளவியல் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வெள்ளை எலிகள் இருந்தன. பலகையால் செய்த புதிர்ப்பாதைக்குள் விட்டால் ஒன்று எப்போதும் இடப்பக்கமே திரும்பும், மற்றது வலப்பக்கமே திரும்பும். தின்பதற்கு எந்தப் பக்கம் வைத்தாலும் அதே கதை. அதனால் அவற்றுக்கு இடது, வலது என்றே பெயர். கொள்கையில் இவ்வளவு பிடிவாதமானவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதுகளை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி உருப்படாது என்று துறைத் தலைவர் முடிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் யாரும் எடுத்துப் போகவில்லை என்றால் ஊசி போட்டுக் கதையை முடித்துவிடுவார்கள். அங்கே கூண்டு கழுவும் பகுதிநேர வேலை பார்த்த என் வகுப்புத் தோழன் மூக்கன்தான் இதைச் சொன்னான்.

"நீ கொண்டு போடா. ஹாஸ்டல்ல வச்சா எவனாவது பந்தயத்துக்கு விட்ருவானுங்க."

"எங்கப்பா என்ன வேலை பாக்குறாருன்னு தெரியும்ல?"

"அதான்டா பாதுகாப்பே. அவர் வீட்டுல எலி இருக்கும்னு எவன் நினைப்பான்?"

அப்பாவிடம் வேகாத பருப்பை அம்மாவிடம் வேகவைக்கலாம் என்று போனேன். அம்மா தையல்காரி. கிழிந்ததைச் சேர்ப்பாள், நீண்டதை வெட்டுவாள், ஆட்கள் பெருத்தால் இடுப்பைத் தளர்த்துவாள். சமையலறைச் சுவரை ஒட்டி அவளுடைய தையல் மிஷின். மிதியை நிறுத்தாமலே கேட்டாள்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"உன்னக் கேக்கச் சொன்னாரு."

"பொய்."

"சரி, வேணாம்னாரு."

"அப்ப நானும் வேணாம்தான்."

"எலின்னா பயமாம்மா?"

மிதி நின்றது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். "நம்ம வீட்டுல எலி இல்லடா" என்றாள். இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. அதுவும், காது மந்தமான யாரோ பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பது போல, கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

இந்த வாக்கியம் எங்கள் வீட்டில் அடிக்கடி காதில் விழும். எங்கள் தெருவின் ஒரு பக்கம் பேக்கரி, மறு பக்கம் தானியக் கிடங்கு. தெருவில் மனிதர்களைவிட எலிகளுக்கு ஆரோக்கியம் அதிகம். எல்லா வீட்டிலும் எலி உண்டு, எங்கள் வீட்டில் மட்டும் ஒரு புழுக்கைகூட இல்லை. அப்பா வீட்டில் பொறி வைத்தும் நான் பார்த்ததில்லை, மருந்து வைத்தும் பார்த்ததில்லை. அவருடைய பெயரைக் கேட்டே ஒதுங்கிப் போகின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விருந்தாளி வந்தால், தொலைபேசியில் யாராவது பேசினால், சில நாள் யாருமே இல்லாதபோதும், அப்பாவோ அம்மாவோ சமையலறையில் நின்று சொல்வார்கள்: "எங்க வீட்டுல எலி இல்ல." பெருமை என்று நினைத்தேன். பெருமைக்கு யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஒரு கருத்தரங்கு நடத்தினேன். கல்லூரியில் என்னைத் தூங்கவைத்த அத்தனை பேரையும் மனதில் நினைத்து வணங்கிவிட்டு, மடிக்கணினியை மேசையில் வைத்து, இருவரையும் சோபாவில் உட்காரவைத்தேன்.

"ஒண்ணு, சுத்தம். எலி ஒரு நாளைக்குப் பல தடவ உடம்பைத் துடைச்சுக்கும். என்னவிடச் சுத்தம்."

"அது ஒரு பெரிய விஷயமில்ல" என்றாள் அம்மா.

"ரெண்டு, சாப்பாடு. ஒரு கைப்பிடி போதும். மூணு, பேர் சொல்லிக் கூப்பிட்டா வரும்."

"உன்னக் கூப்பிட்டா வர்றதில்லையே" என்றார் அப்பா.

"நாலு, ஆயுசு ரெண்டு மூணு வருஷம்தான். கல்யாணம் மாதிரி நீண்ட காலப் பொறுப்பு கிடையாது."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுதான் இதுவரைக்கும் நீ சொன்னதுல உருப்படியான பாயின்ட்." அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள், மறுபடி சாய்ந்துகொண்டார்.

கேள்வி நேரத்தில் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "அதுங்க கத்துமா?"

"கத்தும்மா. ஆனா நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்துல."

"நம்ம காதுக்குத்தான கேக்காது."

தூரத்தில் பேக்கரித் தட்டுகள் உருளும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து மடிக்கணினியை அவரே மூடினார். "கூட்டம் முடிஞ்சுது. எலி கிடையாது. இனிமே அந்தப் பேச்சச் சமையல்கட்டுப் பக்கம் எடுக்காத."

வியாழக்கிழமை எலிகளைக் கொண்டுவந்துவிட்டேன். கண்ணால் பார்த்தால் மனசு இளகிவிடும் என்பது நாய்க்குட்டி வளர்ப்பவர்கள் கண்டுபிடித்த பழைய தந்திரம். எலிக்கும் பொருந்தும் என்று நம்பினேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். மிஷினில் இருந்த அம்மா கூண்டைப் பார்த்ததும் அலறுவாள் என்று எதிர்பார்த்துக் காதைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் அலறவில்லை. சத்தமில்லாமல் எழுந்து, நுனிக்காலில் வந்து, பாதி தைத்த திரைச்சீலை ஒன்றைக் கூண்டின் மேல் போர்த்தினாள்.

"ஏண்டா கொண்டாந்த?" கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள்.

"ஒரு தடவ பாரும்மா."

துணியின் ஓரத்தைத் தூக்கி ஒரு விரலை உள்ளே விட்டாள். இடது வந்து அந்த விரலை மோந்து பார்த்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது, ஊசி குத்திக் காய்த்துப்போன நுனியை நக்கியது. அம்மாவின் முகம் ஒரு சின்னப் பெண்ணின் முகமாகிவிட்டது.

"எனக்கு எலின்னா உசுருடா" என்றாள்.

"அப்புறம் ஏம்மா வேணாம்ன?"

"அதனாலதான் வேணாம்னேன்."

விளக்கம் கேட்பதற்குள் அப்பா வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. மூக்கு மட்டும் அசைந்தது.

"எத்தன?"

"ரெண்டுப்பா."

"திருப்பிக் கொண்டு போயிடு. இப்பவே."

"நாளைக்கு ஊசி போட்ருவாங்கப்பா."

"ஊசி நல்லது" என்றார். நகைச்சுவை என்று நினைத்து நான் சிரிக்கப் போனேன். அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. "இந்த வீட்டுல எலியே இல்லல்ல? அப்புறம் யாருக்குப் பயந்துக்கிட்டு ரெண்டு பேரும் இப்படிக் குசுகுசுன்னு பேசுறீங்க?"

அப்பாவின் வேலைமுறை எனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குள் போனதும் டார்ச்சின் பின்பக்கத்தால் சுவரில் மூன்று தடவை தட்டுவார். பிறகு காதை வைத்துக் கேட்பார். உள்ளே ஏதாவது இருந்தால் கலைந்து ஓடும், அந்தச் சத்தத்திலிருந்தே என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். சொந்த வீட்டில் மட்டும் அவர் ஒரு சுவரையும் தட்டியதில்லை. அவர் தோள்பையிலிருந்து டார்ச்சை உருவினேன். "பாருங்க, ஒண்ணும் இல்ல!" என்று சமையலறைச் சுவரில் தட்டினேன். டொக், டொக், டொக்.

அப்பா என் கையைப் பிடிக்கப் பாய்ந்தார். ஒரு தட்டு தாமதம்.

முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு நான் தட்டிய அதே இடத்தில், சுவருக்கு உள்ளேயிருந்து, டொக், டொக், டொக். நான் விட்ட அதே இடைவெளி. அடுத்து மேலே கூரையிலிருந்து மூன்று. அதற்கடுத்து என் பாதத்துக்கு நேர் கீழே, தரை ஓட்டுக்கு அடியிலிருந்து மூன்று. எலி பிறாண்டும், கலைந்து ஓடும். இது ஓடவில்லை. நான் தட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுப் பதில் சொல்லியிருந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்து கூண்டைக் கட்டிக்கொண்டாள். அப்பா கதவைச் சாத்திவிட்டு வந்தார். இனி கிசுகிசுத்துப் பயனில்லை என்பதால் சாதாரணக் குரலில் பேசினார்.

"கல்யாணமான புதுசுல இந்த வீட்டுக்கு வந்தோம். பழக்கதோஷம், வந்ததும் தட்டினேன். இதே மாதிரி திருப்பித் தட்டுச்சு. ராத்திரி பொறி வச்சேன். காலைல பொறி என் ஷூவுக்குள்ள இருந்துச்சு. பத்திரமா மூடி, துடைச்சு வச்சிருந்துச்சு."

"துடைச்சா?"

"துருவெல்லாம் போயி பளபளன்னு இருந்துச்சுடா."

"வேற வீடு பாத்திருக்கலாமே?"

"இந்த வாடகைக்கு எவன் குடுப்பான்?" என்றார் அப்பா. "அப்புறம் ஒரு மாதிரி உடன்பாடு. நாங்க தட்ட மாட்டோம், அது வெளிய வராது. உள்ள எலி கெடயாது, எங்களத் தொந்தரவு பண்ணாதன்னு அப்பப்பச் சொல்லுவோம். பேக்கரிப் பக்கத்துலருந்து எலிங்க வரும். வர்றதப் பாத்திருக்கேன். திரும்பிப் போனத ஒரு நாளும் பாத்ததில்ல."

"அப்ப அது என்னதாம்பா?"

"இத்தன வருஷமா இதே தொழில்ல இருக்கேன். எனக்குத் தெரிஞ்ச எதுவும் இல்ல."

சுவருக்குள் ஏதோ உரசியது. உரசல் மெதுவாக, நேர்கோட்டில், கூண்டு இருந்த பக்கமாக வந்தது. அது வந்த வழியெல்லாம் சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்து திரைச்சீலையின் மேல் விழுந்தது. துணிக்குள் இடதும் வலதும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒரே உருண்டையாகிவிட்டன. நான் காப்பாற்றுகிறேன் என்று தூக்கி வந்தவை. ஊசியாவது ஒரு நொடியில் முடிந்திருக்கும்.

அப்போது அம்மா பேசினாள். என்னிடமோ அப்பாவிடமோ இல்லை.

"இந்தாங்க, கொஞ்சம் கேளுங்க." புது வாடிக்கையாளரிடம் பேசும் குரல். "இது ரெண்டும் ரொம்பச் சுத்தம். ஒரு நாளைக்குப் பல தடவ உடம்பைத் துடைச்சுக்கும். ஒரு கைப்பிடி சாப்பாடு போதும். பேர் சொல்லிக் கூப்பிட்டா வரும். ரெண்டு மூணு வருஷம்தான், அதுக்கு மேல இருக்கப் போறதில்ல. ஒரு ஓரமா இருந்துட்டுப் போவுது. கூண்ட இவனே கழுவுவான். என்னடா?"

"கழுவுவேங்க" என்றேன் சுவரிடம்.

என் கருத்தரங்கு முழுவதும் அவளுக்கு வரிசை மாறாமல் மனப்பாடம். நான் பேசியபோது இவ்வளவு நன்றாக இல்லை.

உரசல் நின்றது. அப்பா சுவரில் காதை வைத்தார். உள்ளே லேசான தட்டல்கள், இழுவைகள், நடுவே இடைவெளிகள்.

"உங்களுக்கு எப்படிப்பா புரியுது?"

"உங்கம்மா பேசாம இருந்தா என்ன சொல்றான்னு எனக்குப் புரியுதுல்ல? அது மாதிரிதான்."

"என்ன சொல்லுது?"

"யோசிக்குது."

நீண்ட நேரம் யோசித்தது. பிறகு தெளிவாக இரண்டு தட்டு. அப்பாவின் தோள் தளர்ந்தது. "சரிங்குது."

அம்மா துணியை விலக்கி இடதை வெளியே எடுத்தாள். அது அவள் உள்ளங்கையில் உட்கார்ந்து, சுண்ணாம்புத் தூசு பட்ட மீசையைத் துடைத்துக்கொண்டது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. அந்த வீட்டில் இனி எதையும் தட்டுவதாக இல்லை என்பதால் சும்மா இருந்தேன்.

அப்பா மட்டும் சுவரைவிட்டு நகரவில்லை. "இரு, இன்னும் முடிக்கல."

"என்னவாங்க?"

"நமக்கு அது விட்டுக்குடுத்துச்சுல்ல. அதுக்கும் ஆசையா இருக்காம்." காதை இன்னும் அழுத்தி வைத்தார். "அதுவும் ஒண்ணு வளக்கணும்ங்குது."

"என்ன வளக்கணுமாம்?"

அப்பா என்னைப் பார்த்தார், உடனே மின்விசிறியைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

"வேணாம்" என்றார் அப்பா சுவரிடம். காலுறையோடு உட்கார்ந்து என்னிடம் சொன்ன அதே வேணாம். எனக்கு உயிர் வந்தது.

சுவர் தட்டத் தொடங்கியது. பொறுமையாக, கோபமே இல்லாமல், ஒவ்வொரு பாயின்டாக. அப்பா தன்னை அறியாமலே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தமா வச்சுக்குமாம்... சாப்பாடு அதுவே போட்டுடுமாம்... நாம பேர் சொல்லிக் கூப்பிட்டா உள்ளேயிருந்து பதில் சொல்ல விடுமாம்."

"வேணாம்னு சொல்லுங்க" என்றாள் அம்மா.

"சொல்லிட்டேன்."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"வேணாம்" என்றார் அப்பா. இந்த வேணாம் முதல் வேணாமைவிடக் கொஞ்சம் மெல்லியதாக இருந்தது. தட்டல் நிற்கவில்லை. இடது அம்மாவின் கை வழியாக ஏறித் தோளுக்குப் போய், கழுத்தோரம் சுருண்டு கண்ணை மூடிக்கொண்டது. அம்மா அசையாமல், அதை எழுப்பிவிடக் கூடாதென்று மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

"அம்மா?" என்றேன்.

"இருடா, தூங்குது" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் சொன்னாள்: "என்னங்க, கூண்டு பெருசா இருக்குமான்னு சும்மா கேட்டுத்தான் பாருங்களேன்."